தாப்பா சாலையும் சந்தேகக் கண்ணும்



பொன்விழா மலர் என்றால் அதில் இன்னின்ன இடம்பெற வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. முதல் நிர்வாகக் குழுவின் கறுப்பு வெள்ளைப் படம், கட்டட நிதிக்கு அள்ளிக் கொடுத்தவர்களின் பட்டியல், மதரஸாப் பிள்ளைகள் பரிசு வாங்கும் காட்சி, பெருநாள் விருந்து. இம்மலரிலும் அவையெல்லாம் உள்ளன. நாம் எழுத எடுத்துக்கொண்டதோ எவரும் படம் பிடிக்காத ஒரு வரலாறு. இந்த மண்ணில் நம் மக்கள் எங்கெங்கே நிறுத்திச் சோதிக்கப்பட்டார்கள், நம் கண்முன்னே வேறு யார் யார் நிறுத்தப்பட்டார்கள், அதைப் பார்த்து நின்றவர்களின் மனத்தில் என்ன பதிந்தது என்பதே அது.

இதை எழுதத் தூண்டியது நம் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ள ஒரு தீர்மானம். அதற்குப் பின்னால் வருவோம். நம் மூத்தோர் கடந்து வந்த சோதனைகளை நாம் மறந்ததால்தான் அப்படியொரு தீர்மானம் எழுதப்பட்டது. ஆகவே முதலில் அவற்றைச் சொல்லிவிடுவது முறை.

மலைக்கு ஒரே வாசல்

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் மாநில எல்லையில் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்துவைத்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பேராக்கின் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை 1930களின் தொடக்கத்தில் முழுமையாகத் திறந்தது. அந்தச் சாலை வழியேதான் காடு வெட்டவும் கன்று நடவும் கொழுந்து பறிக்கவும் தமிழர்கள் வந்தார்கள்.

தோட்ட லயங்களில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் இந்துத் தமிழர்கள். நாம் சிறு தொகை. மளிகைக் கடை, துணி வியாபாரம், ரொட்டிக் கடை, சமையல், லோரி ஓட்டுதல் என்று தோட்டத்தையும் பட்டணத்தையும் இணைக்கும் வேலைகளில் நம்மவர் இருந்தனர். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எங்கு போனாலும் சரக்கு தாப்பா சாலை வழியேதான் வரவேண்டும். சிம்பாங் பூலாய் பாதை வந்ததெல்லாம் அண்மைக் காலத்தில். ஒரே வாசல் உள்ள வீட்டுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்ப்பது எளிது. அதனால் இந்த மலையின் வரலாற்றில் சாலைச் சோதனைக்குத் தனி இடம் உண்டு.

1915: முதல் பதிவு

மலைக்குச் சாலை வருவதற்கு முன்பே, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியர் ஒரு பெரும் சோதனையைச் சந்தித்தனர். 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஐந்தாம் இலகு காலாட்படையினர் கிளர்ந்தெழுந்தனர். அந்தப் படையினர் வட இந்திய முஸ்லிம்கள். துருக்கிக்கு எதிரான போரில் தங்களை இறக்கிவிடுவார்கள் என்ற பேச்சு அவர்களிடையே பரவியிருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் அவர்கள் கையால் உயிரிழந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டபின் 47 பேர் சிறைச் சுவரோரம் பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். காசிம் மன்சூர் என்ற குஜராத்தி முஸ்லிம் வணிகர் தேசத்துரோகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்.

நாம் கவனிக்க வேண்டியது அதன்பின் நடந்ததை. சிங்கப்பூரில் வாழும் இந்தியர் அனைவரும் அரசிடம் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. துப்பாக்கி தூக்கியவன் ஒரு முகாமின் சிப்பாய். பதிவுக்கு வரிசையில் நின்றவனோ துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழன், நாணயம் மாற்றிய நாகூரான், பால் விற்ற வடநாட்டான். இந்து, முஸ்லிம் என்ற பேதமும் அங்கே இல்லை. அரசுக்கு விசுவாசமாக இருந்தவர்களே அந்த ஆணையால் மனம் புண்பட்டனர். ஒரு குற்றத்துக்கு ஒரு கூட்டத்தையே வரிசையில் நிறுத்தும் வழக்கம் நமக்குப் புதியதல்ல என்பதற்கு இது சான்று.

1948: அடையாள அட்டை வந்த கதை

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றனர். சில நாள்களுக்குள் மலாயா முழுவதும் அவசரகாலம். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் அடையாள அட்டை அந்தக் காலத்தில் பிறந்ததுதான். பன்னிரண்டு வயதைக் கடந்த அனைவரையும் புகைப்படத்தோடும் விரல் ரேகையோடும் பதிந்தார்கள். அட்டை இல்லாதவனைப் போலீஸ் பிடித்தது. அட்டை வைத்திருந்தவனிடம் காட்டிலிருந்து வந்தவன் அதைப் பிடுங்கிக் கிழித்தான். இரண்டுக்கும் நடுவில் தோட்டத் தொழிலாளி அகப்பட்டுக்கொண்டான்.

1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் குடியிருந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். தோட்ட லயங்களும் வேலிக்குள் ஒன்றாகத் திரட்டப்பட்டன. காட்டுக்குள் உணவு போகக் கூடாது என்று அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கடைக்காரர் யாருக்கு எவ்வளவு விற்றார் என்று கணக்கு வைக்க வேண்டும். தகர டப்பாவை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது பதுக்கி வைக்க உதவாது. கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில், வேலைக் காட்டுக்குப் பகல் சோறு கட்டிக்கொண்டு போகவும் தடை. வாசலில் பாத்திரம், பை, சைக்கிள் குழாய் எல்லாம் சோதிக்கப்பட்டன.

தானா ராத்தாவில் பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி இருந்தது. அந்தப் பிள்ளைகள் படைப் பாதுகாப்போடு வரிசை வண்டிகளில் தாப்பா சாலையில் ஏறி இறங்கிய காலம் அது. பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைக்குப் போகும் வழியில் உயர் ஆணையர் ஹென்றி கர்னியே பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டார். ஆகவே சோதனையே கூடாது என்று அன்றைக்கும் எவரும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் சோதனை எல்லார்மீதும் ஒரே அளவில் விழவில்லை. தமிழரில் தொழிற்சங்கத்தில் நின்றவர்கள்மீது அது விழுந்தது. தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகத் தீர்ப்பாகி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். சீனர்மீதோ அது இனமாகவே விழுந்தது. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஆயுதம் ஏதும் இல்லாத 24 கிராமத்தார் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அத்தனை பேரும் சீனர்கள்.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் அத்தா சொன்னதாக ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். அத்தா ரிங்லெட்டில் சிறு கடை வைத்திருந்தார். தாப்பாவில் சரக்கு எடுத்துக்கொண்டு, காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனரின் லோரியில் வருவது வழக்கம். இருவரும் பத்து வருடச் சிநேகம். சாலைத் தடுப்பில் ஒவ்வொரு முறையும் சீனரை மட்டும் கீழே இறக்கினார்கள். அத்தா அட்டையைக் காட்டிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தார். ஆரம்பத்தில் அவருக்கு வருத்தமாக இருந்தது. சில மாதம் கழித்து, சரக்கை வேறு லோரியில் ஏற்றினார். "அவன் கிட்ட ஒரு தப்பும் நான் கண்டதில்லை தம்பி. தினம் தினம் ஒருத்தனை இறக்கிச் சோதிக்கிறதைப் பார்த்தா, என்னமோ இருக்குன்னு மனசு சொல்ல ஆரம்பிச்சிடுது. அதுக்கு அப்புறம் அவன் முகத்தை நேராப் பார்க்க முடியலை" என்றாராம்.

இந்தக் கட்டுரை முழுவதும் நாம் சொல்ல வருவது அந்த லோரியில்தான் இருக்கிறது. சோதனை இறக்கப்பட்டவனைப் புண்படுத்துவது நமக்குத் தெரியும். இறங்காமல் உட்கார்ந்திருப்பவனின் மனத்தையும் அது மாற்றுகிறது. அதிகாரி எதுவும் சொல்லத் தேவையில்லை. யாரை நிறுத்துகிறார் என்பதே போதும்.

சிவப்பு அட்டையின் காலம்

1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அந்தச் சட்டம் 2012 வரை நீடித்தது. கம்யூனிஸ்டுகளுக்காக வந்த சட்டத்தின் கீழ்ப் பிற்காலத்தில் எதிர்க்கட்சியினரும் சமயவாதிகளும் அடைபட்டனர். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரும் அடைபட்டனர். ஒருவருக்காகச் செய்த வலையில் வேறொருவர் விழுவது இப்படித்தான்.

சுதந்திரத்துக்குப் பின் நம் முறை வந்தது. குடியுரிமை பெற்றவருக்கு நீல அட்டை. பெறாதவருக்குச் சிவப்பு அட்டை. படிவம் நிரப்பத் தெரியாமலும், பிறப்புப் பத்திரம் இல்லாமலும், ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்ற நினைப்பிலும் நம்மவர் பலர் சிவப்பு அட்டையோடு நின்றுவிட்டனர். 1969இல் குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினர். முப்பது ஆண்டு உழைத்த நாட்டில் "உன்னிடம் பெர்மிட் இருக்கிறதா?" என்று கேட்கப்பட்டபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நம் குடும்பங்களில் அந்தக் கப்பலை வழியனுப்பாத வீடு குறைவு.

பெயரே சந்தேகமான காலம்

2001இல் மைகாட் வந்தது. அதில் முஸ்லிம்களின் அட்டையில் 'இஸ்லாம்' என்ற சொல் அச்சிடப்பட்டிருக்கும். உள்நாட்டில் அந்தச் சொல்லால் நமக்குத் தொல்லை இல்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 11க்குப் பின் வெளிநாட்டு விமான நிலையங்களில் நம் பெயர்களே சந்தேகத்துக்கு உரியவையாயின.

அமெரிக்கா 2002இல் ஒரு தனிப் பதிவுமுறையைக் கொண்டுவந்தது. 25 நாடுகளின் ஆண்கள் நேரில் வந்து விரல் ரேகை கொடுத்துப் பதிய வேண்டும். வடகொரியா தவிர மற்ற 24உம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவோ பெருந்தொகையாகவோ வாழும் நாடுகள். வங்காளதேசமும் இந்தோனேசியாவும் அதில் இருந்தன. அமெரிக்காவில் வாழ்ந்தவர்களில் 80,000க்கும் மேற்பட்டோர் பதிந்தனர். 13,000க்கும் மேற்பட்டோர்மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கியது. அந்தப் பதிவால் பயங்கரவாதக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை. 2011இல் அம்முறை நிறுத்தப்பட்டு 2016இல் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கப்பட்டது. ஆனால் அத்தனை ஆண்டுகள் அந்த வரிசையைப் பார்த்து நின்றவர்கள், முஸ்லிம் என்றால் பதிவு செய்யப்பட வேண்டியவன் என்று கற்றுக்கொண்டனர். விதியை நீக்கலாம், கற்றதை நீக்குவது அவ்வளவு எளிதா?

இராமேசுவரத்தில் பிறந்த நம் தமிழ் முஸ்லிம், இந்தியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஏ. பி. ஜே. அப்துல் கலாமும் இதற்குத் தப்பவில்லை. 2009இல் டில்லி விமான நிலையத்தில், விதிப்படி சோதனையிலிருந்து விலக்குப் பெற்றிருந்தும், ஒரு வெளிநாட்டு விமான நிறுவனத்தின் ஊழியர்கள் அவரைத் தடவிச் சோதித்தனர். 2011இல் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி அமர்ந்தபின் அவருடைய மேலங்கியும் காலணியும் சோதனைக்கு வாங்கிச் செல்லப்பட்டன. இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்கப்பட்டது. அவர் ஆரவாரம் செய்யவில்லை. ஆனால் அவருக்காக ஓர் அரசாங்கமே கண்டனம் தெரிவித்தது. கடையநல்லூரிலிருந்து மகளைப் பார்க்கப் புறப்படும் ஒரு சாதாரண அத்தாவுக்காக யார் தெரிவிப்பார்?

நம்மைப் போலவே தேயிலை மலையில் வாழும் இலங்கைத் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு 2019இல் நேர்ந்தது இன்னும் கசப்பானது. ஏப்ரல் 21 அன்று ஈஸ்டர் ஞாயிறு வழிபாட்டில் இருந்தவர்களும் விடுதிகளில் இருந்தவர்களுமாக 250க்கும் மேற்பட்ட அப்பாவிகளைத் தற்கொலைக் குண்டுதாரிகள் கொன்றனர். அந்தக் கொடுமைக்கு எந்த நியாயமும் கிடையாது. அதன்பின் முகத்திரைக்குத் தடை வந்தது. வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. தலையை மட்டும் மூடிய பெண்களையும் கடை வாசலிலும் மருத்துவமனையிலும் மறித்தார்கள். கண்டி மாவட்டத்தில் ஒரு பெண், கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட உடை அணிந்ததற்காக, அது தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்யப்பட்டுப் பல நாள் சிறையில் இருந்தார். மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் கும்பல்கள் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. முப்பது ஆண்டு காலம் சோதனைச் சாவடிகளில் தமிழன் இறக்கப்பட்டபோது பேருந்தில் உட்கார்ந்து பார்த்திருந்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு. இப்போது இறங்கும் முறை அவர்களுக்கு வந்தது.

நம் வாசலில் நடந்தது

இவ்வளவும் பிறர் நமக்குச் செய்தவை. இனி நாம் செய்தது.

இன்று இந்த மலையில் கொழுந்து வெட்டுபவர்களிலும் காய்கறித் தோட்டங்களில் குனிந்து நிற்பவர்களிலும் பெருந்தொகையினர் வெளிநாட்டவர். வங்காளதேசிகளும் இந்தோனேசியரும் அவர்களில் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர்கள். குடிநுழைவுத் துறையின் சோதனை வரும் நாளில் லோரியிலிருந்து இறக்கப்படுபவர்களும் அவர்களே. பலருடைய கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் பூட்டியிருக்கும். பிறருடைய கடவுச்சீட்டை அப்படி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் சாலையில் குற்றவாளியாக நிற்பது பூட்டியவர் இல்லை; பூட்டப்பட்டவர்.

சில ஆண்டுகளுக்கு முன், ரமலானில், நம் மண்டபத்தில் நோன்புக் கஞ்சிக்கு அவர்கள் அதிகமாக வரத் தொடங்கினர். ஊரில் அடிக்கடி சோதனை நடந்த நேரம். நம்மில் சிலருக்குப் பயம், சிலருக்கு முகச்சுளிப்பு. "யார் எவர் என்று தெரியாதவர்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் சங்கத்துக்குக் கெட்ட பெயர்" என்றார்கள். பெர்மிட் காட்டுபவருக்கே கஞ்சி என்று தீர்மானம் நிறைவேறியது. குறிப்பேட்டில் உள்ள அந்தத் தீர்மானம் இதுதான். வாசலில் நம் இளைஞர் இருவர் நின்றார்கள்.

முதல் நாள் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். இரண்டாம் நாள் சிலரே வந்தார்கள். மூன்றாம் நாள் பெர்மிட் வைத்திருந்தவர்களும் வரவில்லை. பாங்கு சொல்லி, நாம் நோன்பு திறந்து, தொழுது முடித்தபின்னும் அண்டாவில் முக்கால்வாசிக் கஞ்சி அப்படியே இருந்தது. அன்றிரவு தராவீஹ் முடிந்து கூடிய கூட்டத்தில்தான் அந்த மூத்தவர் எழுந்து ரிங்லெட் லோரியைப் பற்றிச் சொன்னார். "எங்க அத்தா லோரி மாறினார். நாம அண்டாவை மூடிட்டோம்" என்றார். தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. மறுநாள் சிலர் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை. அடுத்த ரமலானிலும் முன்போல் வரவில்லை.

நாம் மட்டும் இப்படி என்றில்லை. 2020இல் கிருமி பரவிய நேரத்தில் ரொஹிங்கியா அகதிகள்மீது சமூக ஊடகங்களில் வெறுப்பு கொட்டியது. கொட்டியவர்களிலும் முஸ்லிம்கள் நிறையப் பேர். அந்த ஆண்டு தொழிலாளர் தினத்தன்று, நம் கடைகள் நிறைந்த கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் குடியிருப்புகளில் குடிநுழைவுச் சோதனை நடந்தது. நூற்றுக்கணக்கான வெளிநாட்டவர் ஏற்றிச் செல்லப்பட்டனர். பிறகு தடுப்பு முகாம்களிலேயே நோய் பரவியது. சந்தேகத்துக்கு மதம் தெரியாது. ஒரே கிப்லாவை நோக்கி நிற்பவர்களையும் அது பிரித்துவிடும்.

சோதனை எப்படி இருக்கலாம்

நாம் சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2016இல் பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வீசி எட்டுப் பேரைக் காயப்படுத்தினார்கள். அதை நாம் மறக்கவில்லை. காவலருக்கு வேலை உண்டு. அவர்களிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாருடைய பையையும் ஒரே இயந்திரத்தில் அனுப்பும் சோதனை யாரையும் யாருக்கும் எதிரியாக்குவதில்லை. முகத்தைப் பார்த்தும் பெயரைப் படித்தும் ஒருவரை மட்டும் தனியே எடுக்கும் சோதனை, அங்கே நிற்கும் நூறு பேருக்கு ஒரு பாடம் நடத்திவிட்டுப் போகிறது. குற்றம் செய்தவனைத் தேடுவது வேறு; ஒரு கூட்டத்தையே பார்வையில் வைப்பது வேறு. அளவு மீறிச் சந்தேகிக்காதீர்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற கருத்து ஹுஜுராத் அத்தியாயத்தில் வருகிறது. அதற்கு அடுத்தே, மனிதர்கள் பல இனங்களாக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ள என்ற கருத்தும் வருகிறது. நம் மதரஸாவில் சிறு பிள்ளைகளும் இதை ஓதுகிறார்கள்.

ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கம் மையித்துக்கு உதவியது, ஏழைப் பெண்களுக்குத் திருமணம் செய்துவைத்தது, மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது. ஐம்பத்தோராம் ஆண்டில் இன்னும் சிலவற்றைச் செய்ய நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். கடவுச்சீட்டைத் திரும்பக் கேட்கும் தொழிலாளிக்கு எந்த அலுவலகத்தை நாடுவது என்று சொல்ல மாதம் ஒரு நாள் ஒருவர் மண்டபத்தில் உட்கார வேண்டும். தமிழிலும் வங்காளத்திலும் இந்தோனேசிய மொழியிலும் ஓர் அறிவிப்பு வாசலில் ஒட்ட வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தங்கள் சிவப்பு அட்டைக் கதையை ஒரு முறையாவது சொல்ல வேண்டும்.

இன்ஷா அல்லாஹ், வரும் ரமலானில் அண்டா அதே இடத்தில்தான் இருக்கும். வாசலில் அந்த இரண்டு இளைஞர்களும் நிற்பார்கள். இந்த முறை அவர்கள் கையில் கிண்ணம் இருக்கட்டும்.